செய்தி கொண்டுவருபவரிடம் ஒரு கேள்வி



நூற்றாண்டு விழாவில் உளநலம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். பாலையூற்றில் படித்து வளர்ந்த நாம் கடன்பட்டிருக்கும் பத்திரிகையாளர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாக முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் வகுப்பினர் அப்போது இருபதுகளில் இருந்தோம். ஊரில் நடந்த உண்மையை அந்தப் படங்களால்தான் அறிந்தோம்.

சுகிர்தராஜனை நினைவுகூருகிறோம். அவருக்குப் பிறகும் கமராவைத் தூக்கிக்கொண்டு போனவர்களைச் சுகம் விசாரித்தோமா? பிராந்திய நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமான செய்திக்குத்தான் காசு. பிழைப்புக்கு இன்னொரு வேலையும் பார்ப்பார்கள். 2004 சுனாமியின் சடலங்களையும் பின்னர் யுத்தத்தின் சடலங்களையும் பார்த்து எழுதியவர்கள் அவர்கள்.

கிளினிக்குக்கு வந்தால், "ஒன்றுமில்லை டொக்டர், நித்திரைதான் குறைவு" என்பார்கள். 'நான் நிருபர், எனக்கு இதெல்லாம் பழக்கம்' என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடும். அதை நாங்கள் குறை சொல்ல முடியாது. வார்ட்டில் அழாமல் நின்று, வீட்டுக்கு வந்து பிள்ளைகளில் எரிந்து விழுந்த வைத்தியர்கள்தானே நாங்களும்!

தொழில் காரணமாகக் கொடூரங்களைத் திரும்பத் திரும்பக் காண்பதும் மனவடுவை உண்டாக்கலாம் என்று 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் ஏற்றுக்கொண்டது. வேலைக்காகப் படங்களில் பார்ப்பதும் அதில் அடங்கும். ஆகவே இது கோழைத்தனமல்ல, வைத்தியம் உள்ள ஒரு நோய்.

கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், சம்பவம் நடந்த தெருவைத் தவிர்த்தல், காரணமில்லாக் கோபம், கூடிப்போகும் குடி: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்துடனும் பேசலாம்.

நிருபர்களின் மனைவியராக, சகோதரிகளாக, தாய்மாராக நம்மில் பலர் இருக்கிறோம். செய்தி எழுதுபவர்களும் இருக்கிறோம். வீட்டுக்கு வருபவரிடம் "இண்டைக்கு என்ன செய்தி?" என்று கேட்கும் நாம், "இரவு நித்திரை கொண்டீங்களா?" என்றும் கேட்போம். பதில் வரும்வரை பக்கத்தில் இருப்போம்.