கேமரா நுழையாத மன்றத்தில் ஒரு வானொலி நிருபர்



அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே இருக்கிறது. விசாரணை நடக்கும் மன்றத்துக்குள் இன்றுவரை கேமராவுக்கு அனுமதி கிடையாது. நிருபர்கள் கைபேசியையோ மடிக்கணினியையோ உள்ளே கொண்டுபோக முடியாது, பேனாவும் குறிப்பேடும்தான். அங்கே உட்கார்ந்து, எந்த நீதிபதி என்ன கேட்டார், வழக்கறிஞர் எப்படிப் பதில் சொன்னார், எந்தக் கேள்வியில் திணறினார் என்பதையெல்லாம் அன்று மாலையே நாட்டு மக்களுக்கு வானொலியில் எடுத்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் நீனா டோட்டன்பெர்க். 1975இல் நேஷனல் பப்ளிக் ரேடியோவில் சேர்ந்து, அரை நூற்றாண்டாக அந்த நீதிமன்றத்தையே தன் களமாக வைத்துக்கொண்டவர்.

அவர் சட்டம் படித்தவர் அல்லர். கல்லூரிப் படிப்பையே முடிக்காமல் பத்திரிகை வேலைக்கு வந்தவர். போலந்திலிருந்து குடியேறிய புகழ்பெற்ற வயலின் கலைஞரின் மகள். அவர் வேலை தேடிய 1960களில், பெண் நிருபர் என்றால் மகளிர் பக்கத்துக்குத்தான் என்று பல ஆசிரியர்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், சட்டப் பட்டம் இல்லாத ஒரு பெண் உச்ச நீதிமன்றச் செய்தியைக் கையில் எடுத்தார். எந்தத் துணிவில்? புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி, தெரிந்தவரைக் கேட்கும் துணிவில்தான். என் கணிப்பில் அவருடைய தொழில் முழுவதும் அந்த ஒன்றின் மீதுதான் நிற்கிறது.

1971இல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஐடஹோ மாநிலத்தில் சாலி ரீட் என்ற பெண்ணின் மகன் இறந்துபோகிறான். அவன் விட்டுச்சென்ற சொத்து ஆயிரம் டாலர்கூடத் தேறாது. அதை நிர்வகிக்கும் உரிமையைத் தாயும் கேட்கிறார், பிரிந்து வாழும் தந்தையும் கேட்கிறார். இருவருக்கும் சம தகுதி இருந்தால் ஆணுக்கே முன்னுரிமை என்கிறது அந்த மாநிலச் சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வருகிறது. அப்போது நேஷனல் அப்சர்வர் என்ற வார இதழில் இருந்த டோட்டன்பெர்க், சாலி ரீட் தரப்பின் எழுத்துமூல வாதத்தை எடுத்துப் படிக்கிறார். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் பெண்களுக்கும் பொருந்தும் என்று அதில் வாதிட்டிருந்தது. அந்தத் திருத்தம் 1868இல், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைக்காக வந்ததாயிற்றே, பெண்கள் இதில் எங்கே வருகிறார்கள் என்று அவருக்குக் குழப்பம். வாதத்தை எழுதியவர் யார் என்று பார்த்தார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒருவரின் பெயர் இருந்தது. உடனே தொலைபேசியில் அழைத்துத் தன் சந்தேகத்தைக் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். சட்டத்தின் சமப் பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உண்டு என்கிறது திருத்தம், பெண்ணும் மனிதர்தானே என்பது அவர் வாதம். அந்தப் பேராசிரியர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். நவம்பர் மாதம் நீதிமன்றம் ஒருமனதாக சாலி ரீட் பக்கம் தீர்ப்பளித்தது. பாலினப் பாகுபாட்டுக்காக ஒரு சட்டத்தை அந்த நீதிமன்றம் செல்லாததாக்கியது அதுவே முதல் முறை.

நீதிமன்ற நிருபரின் வேலையில் பெரும்பகுதி படிப்புதான் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்து குவிகின்றன. நீதிமன்றம் விசாரணைக்கு எடுப்பது ஏறக்குறைய அறுபது, எழுபதுதான். எது முக்கியமானது என்று விசாரணைக்கு முன்பே நிருபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பு கைக்கு வந்த பின்னும் அவசரப்படக் கூடாது. 2012 ஜூன் 28 அன்று அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய தீர்ப்பு வந்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் இந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவு நிற்காது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் முதலில் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு, அந்தப் பிரிவு ரத்தாகிவிட்டது என்று சிஎன்என், ஃபாக்ஸ் தொலைக்காட்சிகள் அறிவித்துவிட்டன. ஆனால் அதே தீர்ப்பு மேலே போய், வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அது செல்லும் என்கிறது. அதிபரே தொலைக்காட்சியைப் பார்த்து, தோற்றுவிட்டோம் என்று சில நிமிடங்கள் நினைத்தார். நீதிமன்றச் செய்தியில் யார் முந்தினார் என்பதற்கு மதிப்பே இல்லை. கடைசிப் பக்கம் வரை யார் படித்தார் என்பதே மதிப்பு.

நீதிபதிகள் தங்களுக்குள் கலந்தாலோசிக்கும் அறையில் ஒன்பது பேரைத் தவிர உதவியாளர்கூட இருக்க முடியாது. கதவு தட்டப்பட்டால் எழுந்துபோய்த் திறப்பவர், பதவியில் ஆக இளையவரான நீதிபதி. அத்தனை கட்டுக்காவல் உள்ள அறையின் முடிவு 1977இல் வெளியே வந்தது. வாட்டர்கேட் அரசியல் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்ட மூவரின் மேல்முறையீட்டை ஏற்பதில்லை என்று 5க்கு 3 என்ற கணக்கில் நீதிபதிகள் வாக்களித்திருந்ததை டோட்டன்பெர்க் ஒலிபரப்பினார். 1991இல், உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது பேராசிரியர் அனிதா ஹில் கூறியிருந்த பாலியல் துன்புறுத்தல் புகாரை வெளிக்கொண்டு வந்தார். ஹில் முதலில் பேச மறுத்தார். அவர் செனட் குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் டோட்டன்பெர்க்கின் கைக்கு வந்த பிறகே பேட்டி கிடைத்தது. தாமஸின் நியமனம் பற்றிய செனட் விசாரணை மறுபடி திறக்கப்பட்டு, நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. முடிவில் 52க்கு 48 என்ற வாக்குகளில் தாமஸ் நீதிபதியானார். செய்தி எப்படிக் கசிந்தது என்று செனட் நியமித்த சிறப்பு வழக்கறிஞர் டோட்டன்பெர்க்கைக் கேட்டார். தகவல் தந்தவரின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. சாலி ரீட் வழக்கின்போது கின்ஸ்பர்க்குடன் தொலைபேசியில் தொடங்கிய நட்பு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. கின்ஸ்பர்க் 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2000இல் டோட்டன்பெர்க்கின் திருமணத்தை நடத்தி வைத்ததே அவர்தான். 2020 செப்டம்பரில் கின்ஸ்பர்க் மறைந்த பிறகு, இந்த நட்பைப் பற்றி டோட்டன்பெர்க் ஒரு புத்தகமே எழுதினார். ஒளிவுமறைவு இல்லை என்பது சரி. ஆனாலும் ஒரே மேசையில் உணவருந்தும் நீதிபதியைப் பற்றி நடுநிலையோடு செய்தி சொல்ல முடியுமா என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. அந்த நீதிபதியைப் பற்றிய செய்திகளையாவது வேறொருவரிடம் விட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். நேயரின் நம்பிக்கையைவிட நிருபருக்குப் பெரிய சொத்து கிடையாது.

இந்த நீதிமன்றத்தில் வாதங்களை 1955 முதலே ஒலிப்பதிவு செய்கிறார்கள். ஆனால் அவை மக்கள் காதுக்கு வர மாதக்கணக்கானது. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் வழக்கில்தான் முதன்முறையாக அன்றைக்கே ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். அன்றைக்கே ஒலிப்பதிவு கிடைக்காத வழக்குகளில் டோட்டன்பெர்க் தன் குறிப்பேட்டைப் பார்த்து, நீதிபதியின் கேள்வியையும் வழக்கறிஞரின் பதிலையும் ஏற்ற இறக்கத்தோடு தானே பேசிக்காட்டுவார். கொரோனா வந்து, 2020 மே மாதத்தில் விசாரணை தொலைபேசி வழியாக நடந்தபோது நேரடி ஒலிபரப்பு தொடங்கியது. நீதிபதிகள் மன்றத்துக்குத் திரும்பிய பின்னும் அது தொடர்கிறது.

ஆண்டுதோறும் அக்டோபர் மாத முதல் திங்கட்கிழமை அங்கே புதிய கூட்டத்தொடர் தொடங்கும். வாதங்களின் ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் நீதிமன்றத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஆங்கிலம் தெரிந்த நேயர்கள், குறிப்பாகச் சட்டமும் இதழியலும் படிக்கும் மாணவர்கள், ஒரே ஒரு வழக்கையாவது முதலிலிருந்து முடிவுவரை கேளுங்கள். கேட்ட பிறகு, அதே வழக்கைப் பற்றி ஒரு நல்ல நிருபர் தந்த செய்தியையும் தேடிப் பாருங்கள்.