பிரான்சினாவின் தூண்

மணம் முடித்த கையோடு உலகைச் சுற்றிவரப் புறப்படும் இளந்தம்பதியர் சிலர் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் வருகின்றனர். வழிகாட்டிகள் அவர்களைச் சுவாமி மலைக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள ஒரு தூணின் கதையைச் சொல்வார்கள். காதலன் கப்பலேறிப் பிரிந்துவிட, பிரான்சினா என்னும் ஒல்லாந்த மங்கை அப்பாறையிலிருந்து கடலிற் குதித்து மாண்டாளாம்! கேட்ட புதுப்பெண் கணவனின் கையை இறுகப் பற்றிக்கொள்வாள். துயரக் கதைக்குச் சன்மானமும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் போலும்.

தூணில் எஞ்சியுள்ள எழுத்துக்களோ, பிரான்சினா வான் றீட் என்ற பெயரையும், அவள் நினைவாக 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி அது நிறுவப்பட்டதையுமே கூறுகின்றன. குதித்ததாக ஒரு சொல்லும் இல்லை. மலையாளக் கரையின் மூலிகைகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் வெளிக்கொணர்ந்த ஹென்றிக் வான் றீட் வளர்த்த மகள் அவள். வளர்ப்புத் தந்தை 1691இல் இறந்தார். மகளோ அதன் பின்னரும் உயிரோடிருந்து மணம்புரிந்தாள் என்பதே ஒல்லாந்த ஆவணங்கள் தரும் செய்தி.

நெடுங்காலமாக அவளைச் சாகடித்து வந்திருக்கிறோம். அதே மலையில், கோணேசர் சந்நிதிக்கருகே, பிள்ளைவரம் வேண்டி நம்மவர் மரக்கிளையிற் கட்டிய சிறு தொட்டில்கள் கடற்காற்றில் ஆடுகின்றன. தேனிலவுக்கு வருவோர்க்கு அவற்றையல்லவா முதலிற் காட்டவேண்டும்?