மனநலச் செவிலியர் வகுப்பில் நோயாளிக்கு ஒரு நாற்காலி

(செவிலிய மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்றாம் ஆண்டில் மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும்போது 'பிராசஸ் ரெக்கார்டிங்' எழுதச் சொல்வார்கள். ஒரு நோயாளியிடம் பேச வேண்டும். அவர் சொன்னது ஒரு கட்டத்தில், நீங்கள் சொன்னது அடுத்த கட்டத்தில், அதற்கான விளக்கம் இன்னொரு கட்டத்தில். ஆசிரியர் படித்து மதிப்பெண் போடுவார். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் மட்டும் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று மறுக்க அவருக்கு வழியே கிடையாது. சிரித்தால் ஓர் அறிகுறி, சிரிக்காவிட்டால் வேறோர் அறிகுறி.

ஒருவரைப் பற்றிய அறிவு அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் இருப்பது நமக்குப் பழக்கப்பட்ட ஏற்பாடுதான். யார் பேசலாம், யாரைப் பற்றிப் பேசலாம் என்று சாதி நெடுங்காலமாக வகுத்து வைத்திருக்கிறது. அதனால்தான் பாடத்திட்டம் பற்றிய இந்தப் பேச்சைச் சாதி ஒழிப்பு மேடையில் பேசுகிறேன்.

வார்டில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஐம்பத்தைந்து வயது மனிதரிடம் இருபது வயது மாணவி, "சாப்டியா? மாத்திரை போட்டியா? வாயைத் திற" என்கிறார். அவர் கெட்ட பெண் இல்லை. மூத்தவர்கள் பேசியதைக் கேட்டுப் பழகிவிட்டது. ஊரில் தாத்தா வயதுக்காரரைச் சாதி பார்த்து ஒரு சிறுவன் ஒருமையில் கூப்பிட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. வார்டுக்குள் அதே ஒருமையைக் கேட்கும்போது அது வைத்தியத்தில் சேர்ந்ததுபோலத் தோன்றிவிடுகிறது. செவிலியர்-நோயாளி உறவைப் பற்றி ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இலேயே முழுப் புத்தகம் எழுதினார். நீங்களும் அந்தக் கோட்பாட்டைப் படிக்கிறீர்கள், தேர்வும் எழுதுகிறீர்கள். ஆனால் அந்தப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒரே சொல். நம் வார்டில் அன்றாடம் நடக்கும் இந்த அவமதிப்பு அந்தப் புத்தகங்களுக்குத் தெரியவே தெரியாது. 'நீ' என்று கூப்பிடப்பட்டவருக்குத்தான் தெரியும். அவர் வந்து பாடம் நடத்தட்டும் என்கிறேன்.

(செவிலியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஆள் பற்றாக்குறையில், இரவுப் பணியில், மருத்துவரிடம் தானே ஒருமையில் பேச்சு வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.)

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, கட்டாய மொட்டை கூடாது, நிறுவனச் சீருடையை வலிந்து உடுத்தக் கூடாது என்கிறது. 21ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கும்போது சாதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. மாணவர்கள் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்கிறார்கள். தன் தலைமுடியைத் தன்னைக் கேட்காமல் மழித்த நாளைப் பற்றி ஒரு பெண் வகுப்பில் பத்து நிமிடம் பேசினால் அந்தப் பிரிவை யாரும் மறக்க மாட்டார்கள். இதே சட்டம் மனநலச் சீராய்வு வாரியங்களில் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் உறுப்பினர்களாக ஏற்கிறது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோடு சமமாக அமரத் தகுதியுள்ளவருக்குச் செவிலியர் கல்லூரி வகுப்பறையில் நாற்காலி இல்லையா?

பிரிட்டனில் இது நடைமுறையில் இருக்கிறது. அங்கே செவிலியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் மன்றம் 2018இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பாடத்திட்டம் வகுப்பதிலும் சிகிச்சை பெறுபவர்களுக்குப் பங்கு உண்டு. நேர்முகத் தேர்வில், "என்னிடம் நீ எப்படி நடந்துகொள்வாய்?" என்று நோயாளியாக இருந்தவரே கேட்கலாம். அங்கேயும் பேருக்கு ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது உண்டு என்று அவர்களே குறைபட்டுக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

இங்கே அரசாணைக்குக் காத்திருக்காமல் நாளையே தொடங்க ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதிய பிராசஸ் ரெக்கார்டிங்கை, அவர் விரும்பினால், அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் அந்தத் திருத்தத்தோடு ஆசிரியரிடம் கொடுங்கள்.

"நோயாளி சொல்வதை எப்படி நம்புவது?" என்பார்கள். நோய் முற்றியிருக்கும் நேரத்தில் யாரையும் வகுப்புக்கு இழுத்து வரச் சொல்லவில்லை. தேறி வீட்டில் இருப்பவர்கள், மாத்திரையோடு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பழையதைத் திரும்பச் சொல்வது வலிக்கும் என்பது நியாயமான கவலை. அதனால் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது என்பதெல்லாம் அவர் முடிவாக இருக்க வேண்டும். அவர் சிகிச்சை பெறும் வார்டு ஊழியர்கள் முன்னால் பேச வைக்கக் கூடாது. அடுத்த முறை மாத்திரை தரப்போவது அவர்கள்தானே.

எனக்குப் பெரிய கவலை வேறு. கல்லூரி யாரைத் தேடிப் பிடிக்கும்? சரளமாக ஆங்கிலம் பேசும், தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற, நல்ல குடும்பம் என்று நிர்வாகம் கருதும் ஒருவரை. அரசு மனநல மருத்துவமனையில் வருடக்கணக்கில் கிடந்தவர், பேருந்து நிலையத்திலிருந்து காவலர் கொண்டுவந்து சேர்த்தவர், வீட்டார் திரும்பக் கூட்டிப் போகாதவர், இவர்கள் வர மாட்டார்கள். வார்டில் அதிகம் அடிபட்டது இவர்கள்தான். எனவே யாரை அழைப்பது என்பதை நிர்வாகத்திடம் மட்டும் விடக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களின் குழுக்கள் முடிவு செய்யட்டும். அதில் தலித்துகளும் பெண்களும் இருக்கிறார்களா என்று நீங்கள் கேளுங்கள்.

பொன்னாடை போர்த்தி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, குழுப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வருகைதரு பேராசிரியருக்கு என்ன மதிப்பூதியமோ அதையே இவருக்கும் கொடுக்க வேண்டும். போக்குவரத்துச் செலவு தனி. பாடத்திட்டக் குழுவில் இவருக்கு வாக்கு வேண்டும். படம் எடுப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.