ஒரு விமானம், இரண்டு எஞ்சின்

போர் விமானத்தின் எஞ்சின் சரியில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. லாரியில் அது நடக்கும். ஜெட் எஞ்சினுக்கோ இடம் இருந்தால் மட்டும் போதாது. அது கேட்கும் காற்று முழுவதையும் விமானத்தின் நுழைவாய் கொடுத்தாக வேண்டும். 1960களில் பிரிட்டன், அமெரிக்க ஃபான்டம் விமானத்தில் தன்னுடைய ரோல்ஸ்ராய்ஸ் ஸ்பே எஞ்சினைப் பொருத்தியது. ஸ்பேக்குக் காற்று அதிகம் வேண்டும். அதனால் நுழைவாயைப் பெரிதாக்கினார்கள், பின்னுடலையும் திருத்தினார்கள். உந்துவிசை கூடியது; தாழ்வான உயரத்தில் விமானம் நன்றாகவே பறந்தது. ஆனால் உடல் பருத்ததால் காற்றின் எதிர்ப்பும் கூடி, உச்ச வேகத்தில் அமெரிக்க ஃபான்டத்துக்குப் பின்தங்கியது.

எஃப்-16 விமானத்தில் அமெரிக்கர்கள் இதைத் திட்டமிட்டே செய்தார்கள். பிராட் அண்ட் விட்னியின் எஃப்-100 எஞ்சின் பறக்கும்போதே திணறி நின்றுபோகும் தொல்லை விமானப்படையை வாட்டியது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-110 எஞ்சினைப் போட்டிக்கு இறக்கி, 1984இல் அடுத்த ஆண்டுக் கொள்முதலின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தார்கள். விமானத்தின் எஞ்சின் அறையையும் இரண்டும் பொருந்தும்படி வடிவமைத்தார்கள். 30, 40, 50 என்று எண்ணிட்ட தயாரிப்பு வரிசைகள் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு. 32, 42, 52 பிராட்டுக்கு. அப்போதும் புதிய எஞ்சினின் முழு பலத்தைப் பெற நுழைவாயைப் பெரிதாக்கத்தான் வேண்டியிருந்தது. ஆக, ஒரு விமானத்தில் எஞ்சினை மாற்றி மாற்றி மாட்டுவது இதன் நோக்கமே அல்ல. வாங்குபவர் ஒரே நிறுவனத்தின் கையில் சிக்காமல் இருப்பதே இதன் பயன்.

இரண்டு வகை எஞ்சின் என்றால் உதிரிபாகமும் பயிற்சியும் இரட்டிப்பாகுமே என்பது நியாயமான கேள்வி. தளத்துக்கு ஒரு வகை என்று பிரித்துவிட்டால் அந்தச் சுமை பெரிதும் குறையும். சில டஜன் விமானங்களே வைத்திருக்கும் சிறிய நாட்டுக்கு அதுவும் கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கில் வாங்கத் திட்டமிட்ட எஃப்-35 அப்படியல்ல. செலவைக் காட்டி அதன் மாற்று எஞ்சினான எஃப்-136ஐ 2011இல் கைவிட்டார்கள். 2014 ஜூனில் எக்ளின் தளத்தில் ஒரே ஒரு விமானத்தின் எஞ்சின் தீப்பிடித்தது. எஃப்-35 அணி முழுவதும் பறக்கவிடாமல் நிறுத்தப்பட்டது. மாற்று எஞ்சின் இருந்திருந்தால் அணியில் ஒரு பகுதியாவது பறந்திருக்கும். இந்தியாவும் இதை யோசிக்க வேண்டும்: 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். அவற்றுக்கான 99 எஃப்-404 எஞ்சின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025இல்தான். அதுவரை மாட்டுவதற்கு நம்மிடம் வேறொரு வகை எஞ்சின் இல்லை.