மகன் புனேயில், பாலிசி பீரோவில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பம்பு டிசைன் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் சங்கச் செயலாளர் அண்ணன், "போன வருசம் பந்தியில உக்காந்து உன் தம்பி ஆஸ்பத்திரிக் கதை சொன்னியே, அதையே மேடையில சொல்லு" என்று கட்டளையிட்டுவிட்டார். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இல்லீங்க. யாரும் எழுந்து போக வேண்டாம்.

2019 ஆகஸ்ட் மாதம். தம்பி புனேயில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வயிற்று வலி. அறைத்தோழன் ஒரு ஒடிசாப் பையன், ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி, இன்சூரன்ஸ் உண்டா என்பது. உண்டு என்றான் தம்பி. அடுத்த கேள்வி, கார்டு எங்கே, பாலிசி நம்பர் என்ன? அது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போன் வருகிறது. அப்பா தூக்கக் கலக்கத்தில், "பாலிசி பீரோவுல பத்திரமா இருக்குது சாமி, சாவி உங்கம்மாகிட்ட" என்றார். அம்மா அன்றைக்குக் கோபியில் ஒரு கல்யாண வீட்டில்.

அன்றிரவு முன்பணம் நாற்பதாயிரத்தைக் கட்டியது எங்கள் குடும்பம் அல்ல, எந்தக் கம்பெனியும் அல்ல. ஹாஸ்டல் பையன்கள் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்த்துக் கட்டினார்கள். கையெழுத்துப் போட்டவன் அந்த ஒடிசாப் பையன். குர்லா எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று பெங்களூர் போய் விமானம் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது தம்பி இட்லி கேட்டுக்கொண்டிருந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மொத்தப் பில் 1,20,000 ரூபாய். எங்களுடையது 3 லட்ச ரூபாய்க் குடும்ப பாலிசி. கைக்கு வந்தது 59,200. இது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கே இரண்டு நாள் ஆயிற்று. இன்ஜினியர்தான், இருந்தும்.

அறை வாடகைக்கு பாலிசியில் ஒரு வரம்பு இருந்தது: காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது தினம் 3,000. அறைத்தோழன் பாசத்தில் 6,000 ரூபாய் சிங்கிள் ரூமுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கூடுதல் வாடகை நாலு நாளைக்குப் பன்னிரண்டாயிரம், அது மட்டும்தானே போகும் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. பாதி அறைக்குத்தான் உரிமை என்றால், ஆபரேஷன் கட்டணம், டாக்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதிதான் கிடைக்கும். மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் இந்த வெட்டு இல்லை. வாடகையும் ஆபரேஷனும் சேர்ந்த 80,000-இல் 40,000 போயிற்று. கையுறை, சிரிஞ்சு என்று தராத சாமான்கள் 6,000. மிச்சம் 74,000. அதிலும் நூற்றுக்கு இருபது பிடித்தம், ஏன் தெரியுமா? பாலிசி எடுத்தது எங்கள் ஊர் விலாசத்தில். பல கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து பிரீமியம் போடுகின்றன. செலவு குறைந்த மண்டலத்துக்குப் பணம் கட்டிவிட்டு, செலவு அதிகமான மண்டலத்தில் வைத்தியம் பார்த்தால், ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும். புனே எங்கள் பாலிசியில் மேல் மண்டலம். பையன் வெளிமாநிலத்தில் படிக்கப் போனதைக் கம்பெனிக்குச் சொல்லி மேல் மண்டலத்துக்கு மாற்றியிருந்தால் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும், இந்தப் பிடித்தம் வந்திருக்காது. யாருக்குங்க அது தோணும்? டிரங்குப் பெட்டி வாங்கத் தோணுது, கம்பளி வாங்கத் தோணுது.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாலிசியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், ஆஸ்பத்திரியில் அப்பா பெயரையே தம்பியின் பெயராக எழுதி டிஸ்சார்ஜ் தாளில் போட்டுவிட்டார்கள். பேர் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பியது. நோட்டரி, பிரமாணப் பத்திரம், மறுபடி கூரியர். பணம் வர எழுபது நாள். வெளிமாநிலம் போகும் தம்பிமார்கள், ஆதார், பாலிசி, கல்லூரி அடையாள அட்டை மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்று சாயங்காலமே பாருங்கள்.

இந்தியாவில் மெடிக்ளைம் 1986-இல் வந்தது. அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே நம்ம ஊர் மில் தொழிலாளிக்குக் காப்பீடு இருந்தது, தமிழ்நாட்டிலேயே இ.எஸ்.ஐ. முதலில் தொடங்கியது கோவையில்தான், 1955 ஜனவரியில். சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர் இங்கே யார்? மாதச் சம்பளம் 21,000 வரை வாங்கும் அப்பாவோ அம்மாவோ இ.எஸ்.ஐ.-யில் இருந்தால், படிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரை உண்டு; கல்யாணமாகாத மகளுக்கு அந்த வயது வரம்பு இல்லை. குடும்பத்தார் வேறு ஊரில் இருந்தால் அந்த ஊர் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி மகன் பெங்களூரில் படித்தால், அட்டையின் பிரிண்ட் ஒன்று அவன் பையில் இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வருமான உச்சவரம்பு 1,20,000. ஆனால் வெளிமாநிலத்தில் கைகொடுக்குமா என்பது, உங்கள் குடும்பம் 2018-இல் வந்த மத்திய அரசுத் திட்டமான பி.எம்.ஜே.ஏ.ஒய். பட்டியலிலும் உண்டா என்பதைப் பொறுத்தது. அட்மிஷனுக்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரிக் கட்டணத்தில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்குமே, அதை நம்பிப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது விபத்துக் காப்பீடு. வண்டியிலிருந்து விழுந்தால் உண்டு, டெங்குவுக்கு இல்லை. ரசீதை மட்டும் பார்க்காமல் பாலிசித் தாளைக் கேளுங்கள்.

2019-க்குப் பிறகு சில நல்லது நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் ஆரோக்ய சஞ்சீவனி என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு பாலிசி வந்தது. நம்மைச் சார்ந்த பிள்ளைகளுக்கு 25 வயது வரை இடமுண்டு. அதிலும் அறை வரம்பு உண்டு, 5 சதவீதம் நம் பங்கும் உண்டு, படித்துப் பார்த்து வாங்குங்கள். 2024 ஜனவரி முதல், பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் ரொக்கமில்லாச் சிகிச்சை கேட்கலாம். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும், ஆஸ்பத்திரியும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மே மாதம், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்று ஆணையம் விதி போட்டது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். வைத்தியம் பார்த்தது புனேயானாலும் நம் விலாசத்துக்குச் சென்னை அலுவலகமே போதும். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. எங்கப்பா போகவில்லை. "பையன் நல்லாயிட்டான், விடுறா கண்ணு" என்று முடித்துவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்பது வேறு விஷயம்.

நம் பேட்ச்சில் அமெரிக்காவில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அங்கே 2010 சட்டத்தின்படி பிள்ளை 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம். ஆனால் சில பாலிசிகளின் மருத்துவமனைப் பட்டியல் ஒரு மாநிலத்தோடு நின்றுவிடும், வேறு மாநிலத்தில் படிக்கிற பிள்ளைக்கு அவசர சிகிச்சை மட்டும்தான். அங்கேயும் இதே தலைவலி.

நம்ம ஊரிலேயே கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் அப்பா வீட்டு பீரோவிலும் ஒரு பாலிசி தூங்கிக்கொண்டிருக்கும். ஹாஸ்டல் வார்டன் ஐயா இங்கே இருக்கிறார். அவரிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி, பாலிசி நம்பர், அறை வாடகை வரம்பு, ஊரில் கூப்பிட வேண்டிய ஆள், இரத்த வகை என்று ஐந்து கட்டம். வெளியே காபி மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நம்பர் தெரியாதவர்கள் இப்போதே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

பந்தி தயார் என்று அண்ணன் கை காட்டுகிறார்.