கூலிக்குப் பெண்பால், பதவிக்கு ஆண்பால்!

(ஆலைத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிரெஞ்சு தேசத்தில் எழுத்தில் வைக்கும் ஒரு புள்ளிக்காகப் பார்லிமெண்டு வரை சண்டையாமே, அது என்ன என்று சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். சொல்கிறேன்.

நம் பேச்சில் 'அவர்கள் வந்தார்கள்' என்றால், வந்தவர்கள் ஆண்களா பெண்களா என்று தெரியாது. பிரெஞ்சில் அப்படியில்லை. பெண்கள் மட்டும் இருந்தால் 'எல்', ஆண்களானால் 'இல்'. ஆலை வாசலில் நூறு பெண்கள் நிற்கிறார்கள். ஓர் ஆண் வந்து சேருகிறான். உடனே அத்தனை பேரும் 'இல்' ஆகிவிடுகிறார்கள்! ஆண்பால் பெண்பாலை வெல்லும் என்று பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளுக்குப் பாடம்.

இது ஆதியிலேயே கல்லில் வெட்டிய விதியா? இல்லை. இருபால் பெயர்களும் சேர்ந்து வந்தால், பக்கத்தில் நிற்கும் சொல்லுக்கு ஏற்ப அடைமொழியை எழுதுவதும் முன்பு வழக்கத்தில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் ஆண்பாலே உயர்ந்தது என்று அதை ஒதுக்கத் தொடங்கினார்கள். 1767இல் போஸே என்பவர் காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினார்: பெண்ணைவிட ஆண் மேலானவனாம்!

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நூல் நூற்பவள், துணி நெய்பவள், சமையற்காரி, ஆலைத் தொழிலாளி - இவர்களுக்கெல்லாம் பிரெஞ்சில் பெண்பாற் சொல் எந்தக் காலத்திலும் உண்டு. யாரும் ஆட்சேபிக்கவில்லை. 'கூத்யூரியேர்' என்றால் கூலிக்குத் தைக்கும் பெண். அதே சொல்லின் ஆண்பால் 'கூத்யூரியே'. அவரோ சீமாட்டிகளுக்கு உடுப்பு வகுத்துக் கொடுக்கும் பெரிய மனிதர்! ஆபீசில் டைப் அடிக்கும் செக்ரெட்டரிக்குப் பெண்பால் முன்னொட்டு 'லா' தாராளமாகக் கிடைத்தது. 1635இல் ஏற்பட்ட பிரெஞ்சு அக்காதமியில் 1980 வரை ஒரு பெண்ணும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1999இல் ஒரு பெண்மணி அதன் நிரந்தரச் செயலாளர் ஆனார். அவரோ தம்மை ஆண்பால் முன்னொட்டு 'ல' சேர்த்தே அழைக்கச் சொன்னார்! கூலி வேலைக்குப் பெண்பால். அதிகாரம் வந்தால் ஆண்பால். இதற்குப் பெயர் இலக்கணமா, தோழர்களே?

1984இல் பெண்கள் உரிமை மந்திரி ரூதி ஒரு குழு அமைத்தார். பெனுவாத் குரூ என்ற எழுத்தாளர் அதற்குத் தலைமை வகித்தார். பதவிப் பெயர்களைப் பெண்பாலிலும் எழுதும்படி 1986இல் சர்க்கார் சுற்றறிக்கை வந்தது. அக்காதமி எதிர்த்தது. 2014இல் சட்டசபைக்குத் தலைமை வகித்த பெண்ணை ஓர் அங்கத்தினர் வேண்டுமென்றே ஆண்பாலில் விளித்தார். மாதப்படியில் கால் பங்கு பறிபோயிற்று! கடைசியில் 2019இல் அக்காதமி இறங்கி வந்தது.

இனி அந்தப் புள்ளி. ஒரே சொல்லில் இருபாலையும் காட்ட, நடுவே புள்ளி வைத்துப் பெண்பால் விகுதியைச் சேர்க்கிறார்கள். இதில் எனக்கே கொஞ்சம் தயக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அந்தப் புள்ளியை எப்படி வாய்விட்டுப் படிப்பான்? 'ஆண் தொழிலாளர்களே, பெண் தொழிலாளர்களே' என்று இரண்டையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது. 2021இல் கல்வி மந்திரி பள்ளிகளில் புள்ளியைத் தடுத்தார். ஆனால் அதே சுற்றறிக்கையில் பெண்களின் தொழிற்பெயரைப் பெண்பாலிலேயே எழுதச் சொன்னார். 2023இல் செனட் சபை தடையை இன்னும் விரிவாக்க ஒரு மசோதாவுக்கு ஓட்டுப் போட்டது.

அந்த நூறு பெண்கள் மட்டும் பாடப்புத்தகத்தில் இன்னும் 'இல்'தான்.