அட்டை குத்தியவன் யார்?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மத்தியில் நிகழ்த்திய பேச்சு)



இன்று ஒரு பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போதும், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும்போதும் நீங்கள் தினசரி பார்க்கிற கண்டெய்னர் பெட்டிதான். இருபதடி நீளம் அல்லது நாற்பதடி நீளம், இரும்புச் சுவர், லாரியின் முதுகில் உட்கார்ந்து போகும். உள்ளே கார் உதிரிப் பாகம் இருக்கும், செல்போன் இருக்கும், துணி இருக்கும். அதே மாதிரிப் பெட்டிக்குள் இப்போது கம்ப்யூட்டர்களை அடுக்கி யுத்தகளத்துக்கு அனுப்புகிறார்கள். நடமாடும் டேட்டா சென்டர் என்று அதற்குப் பெயர்.

"பட்டாளத்துக்காரன் பெட்டி நமக்கு எதற்கு? நம் கூலியைப் பற்றிப் பேசுங்கள்" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தப் பெட்டியின் வம்சாவளியைத் தோண்டினால் அது நம் தறிக்கு வந்து சேருகிறது.

முதலில், டேட்டா சென்டர் என்றால் என்ன? நீங்கள் செல்போனில் பணம் அனுப்புகிறீர்கள். ரேஷன் கடையில் விரலை வைக்கிறீர்கள். அந்தக் கணக்கு எங்கோ ஒரு கட்டிடத்தில் இருக்கிற கம்ப்யூட்டரில் எழுதப்படுகிறது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அலமாரி அலமாரியாக நிற்கும். அவை தின்பது மின்சாரம், கக்குவது வெப்பம். ஆகவே குளிர்சாதன யந்திரம் ராப்பகலாக ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் தாங்குவதற்கு பாட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் வேண்டும். வெளியுலகத்தோடு பேசக் கம்பித் தொடர்பு வேண்டும். சென்னையில் சிறுசேரி பக்கம் இப்படிப்பட்ட கட்டிடங்கள் பல இருக்கின்றன.

யுத்தகளத்தில் என்ன நடக்கிறது? ஆளில்லா விமானம் படம் அனுப்புகிறது, ராடார் செய்தி அனுப்புகிறது, ஒட்டுக்கேட்ட பேச்சு வந்து குவிகிறது. இத்தனையையும் ஆயிரம் மைல் தள்ளியிருக்கிற கட்டிடத்துக்கு அனுப்பிப் பதில் வாங்க நேரம் இல்லை. கம்பியை எதிரி அறுத்துவிடுவான்; வானொலி அலையைக் கலைத்துவிடுவான். எனவே கட்டிடத்தையே சுருக்கி, பெட்டிக்குள் அடைத்து, துருப்புகளோடு கூட்டிக்கொண்டு போகிறார்கள். 2006இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இருபதடி கண்டெய்னரில் ஒரு டேட்டா சென்டரைச் செய்து காட்டியது. 2020இல் மைக்ரோசாப்ட் அப்படி ஒன்றை வெளியிட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்க ராணுவ இலாகா அமேசான், கூகிள், மைக்ரோசாப்ட், ஆரக்கிள் என்ற நான்கு கம்பெனிகளுக்கு 900 கோடி டாலர் வரை போகக்கூடிய கம்ப்யூட்டர் குத்தகையைக் கொடுத்தது. இரண்டு மாதங்களில் அமேசான் தன் பெட்டியை ராணுவத்தின் முன் வைத்தது. கப்பலில் ஏற்றலாம், ரயிலில் ஏற்றலாம், ராணுவச் சரக்கு விமானத்திலும் ஏற்றலாம். நமக்குப் புத்தகமும் புடவையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிற அதே அமேசான்தான்!

தறியிலிருந்து பீரங்கிக்கு

இப்போது பிள்ளையார்பாளையத்துத் தோழர்களைக் கேட்கிறேன். உங்கள் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி என்ன செய்கிறது? அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகிறது; அந்தப் பாவு இழை மேலே எழும்புகிறது. துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கிறது. நாடா ஓடுகிறது. அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை. துளை உண்டு, துளை இல்லை என்கிற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு அன்னமும் மயிலும் நெய்துவிடுகிறீர்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் இதே இரண்டு சொல்தான்.

இது வெறும் உவமை அன்று, சரித்திரம். பிரான்சில் லியோன் பட்டணம், நம் காஞ்சியைப் போலப் பட்டு நெய்கிற ஊர். அங்கே 1804இல் ஜக்கார்டு என்பவர் இந்தத் துளை அட்டை யந்திரத்தை அமைத்தார். அதற்கு முன் தறிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று கயிறுகளை இழுக்க வேண்டும், பெரும்பாலும் சிறுபிள்ளை. நம் ஊரில் 'அடை' கட்டி நெய்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித அறிஞர், கணக்குப் போடும் யந்திரத்துக்குத் துளை அட்டையையே கட்டளையாகக் கொடுக்கலாம் என்று தறியைப் பார்த்துத்தான் திட்டம் போட்டார். பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. அந்த ஒரு படத்தை நெய்ய ஏறக்குறைய 24,000 அட்டைகள்! (அட்டை குத்தியவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்களோ!) லியோன் நெசவாளர்கள் 1831 நவம்பரில் குறைந்தபட்சக் கூலி விகிதம் கேட்டு எழுந்தபோது அவர்களை அடக்க வந்ததும் பட்டாளந்தான்.

பாபேஜின் யந்திரம் அவர் காலத்தில் முழுமை பெறவில்லை. நூறு வருஷம் கழித்து அதற்குப் பணம் கொடுக்க ஆள் வந்தான். யார்? ராணுவம். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட ஏனியாக் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்குக்காகக் கட்டப்பட்டது. 30 டன் எடை, ஏறக்குறைய 18,000 வால்வுகள், ஒரு பெரிய கூடம் முழுவதும் அதுவே. 1954இல் டிசியாக் என்ற கம்ப்யூட்டரை அமெரிக்க ராணுவத்துக்காக லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே இன்றைய பெட்டியைப் புத்தம்புது அதிசயம் என்று விளம்பரப்படுத்துகிறவர்களை நம்பாதீர்கள். இதன் தாத்தா எழுபது வருஷங்களுக்கு முன்பே லாரி ஏறிவிட்டார்.

பெட்டிக்குச் சோறு போடுபவர்கள்

பெட்டி தானாக ஓடாது. டீசல் வேண்டும். டீசலை லாரி ஓட்டுகிறவன் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 2007ஆம் வருஷத்துக் கணக்கை வைத்து அமெரிக்க ராணுவத்தின் ஓர் ஆய்வு சொன்னது: ஆப்கானிஸ்தானத்தில் எரிபொருள் கொண்டுபோன 24 லாரி வரிசைகளுக்கு ஒருவர் வீதம் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். லாரி ஓட்டப் போகிறவர்களில் நம் நாட்டவரும் உண்டு. 2004 ஜூலையில் ஈராக்கில் ஒரு குவைத் கம்பெனியின் லாரி ஓட்டிகள் 7 பேரை ஆயுதம் தாங்கியவர்கள் பிடித்துப்போனார்கள். அவர்களில் 3 பேர் இந்தியர்கள். செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டார்கள். பிழைக்கப் போன இடம் அது.

வெப்பமும் ஒரு பிரச்னை. பெட்டி கக்குகிற சூட்டை ராத்திரியில் வெப்பக் காமிராவால் பார்த்துவிடலாம். ஜெனரேட்டர் சத்தம் போடும். பெட்டியை எங்கே நிறுத்துகிறார்களோ அந்த இடம் குறியாகிவிடும். அது ஓர் ஊருக்குப் பக்கத்தில் நின்றால் அந்த ஊரும் சேர்ந்து குறியாகிவிடும்.

தஹ்ரானில் நடந்தது

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

1991 பிப்ரவரி 25. வளைகுடா யுத்தம். சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்ற ஊரில் அமெரிக்கத் துருப்புகள் தங்கியிருந்த கிடங்கின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அதில் 13 பேர் தண்ணீர் சுத்திகரிக்கும் ஒரே படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். ஏவுகணையைத் தடுக்க அங்கே பேட்ரியட் என்ற தளவாடம் இருந்தது. அதன் கம்ப்யூட்டர் இருப்பது லாரிமேல் ஏற்றிய ஒரு பெட்டி அறையில். அன்று பேட்ரியட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஏன்?

அந்தக் கம்ப்யூட்டர் காலத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். பத்தில் ஒன்று என்பதை நாம் சுலபமாக எழுதிவிடுவோம். ஆனால் உண்டு, இல்லை என்ற இரண்டே குறியை வைத்து எழுதப் போனால் அது முடியவே முடியாது, நீண்டுகொண்டே போகும். நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் மூன்று, மூன்று என்று ஓடுகிறதல்லவா, அப்படி. ஒரு கட்டத்தில் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினார்கள். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஒரு துளி குறைந்தது. ஊடைக்கு ஊடை மயிரிழை குறைந்தால் ஆறு கஜம் முடிவதற்குள் பூ எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். யந்திரம் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியிருந்தது. பிசகு ஏறக்குறைய விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ராடார் தப்பான இடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டியது.

"யந்திரக் கோளாறு" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். இப்படிப் பிசகுகிறது என்று இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11ஆம் தேதியே அமெரிக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். 16ஆம் தேதி திருத்திய கட்டளைத் தொகுப்பு வெளியாயிற்று. 21ஆம் தேதி மேலிடம் களத்துக்குச் செய்தி அனுப்பியது: "மிக நீண்ட நேரம்" ஓட்டினால் பிசகு வரும் என்று. மிக நீண்ட நேரம் என்றால் எட்டு மணியா, எண்பது மணியா? சொல்லவில்லை. நிறுத்தி மறுபடி ஓட்டினால் கடிகாரம் சரியாகிவிடும். ஒன்றிரண்டு நிமிஷ வேலை. அதையும் சொல்லவில்லை. திருத்திய தொகுப்பு தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி. மறுநாள்!

எழுதியவர் இருக்கிறார், எச்சரித்தவர் இருக்கிறார், அரைகுறையாகச் செய்தி அனுப்பியவர் இருக்கிறார். நடுவில் யந்திரம் மட்டும் குற்றவாளியா? புடவையில் பூ தப்பாக விழுந்தால் நீங்கள் தறியை அடிக்க மாட்டீர்கள்; அட்டை குத்தியவன் யார் என்றுதான் கேட்பீர்கள். முதலாளியோ கூலியில் பிடித்துக்கொள்வதற்கு ஆள் தேடுவான். யுத்தத்தில் மட்டும் ஏன் "கம்ப்யூட்டர் சொல்லிற்று" என்று கையை விரிக்கிறார்கள்?

இன்றைய பெட்டிகள் பேட்ரியட்டைவிடப் பல படி மேலே போய்விட்டன. யாரைச் சுடலாம் என்ற யோசனையையும் அவை எடுத்துத் தரக்கூடும். காஸா யுத்தத்தில் 'லாவண்டர்' என்ற கம்ப்யூட்டர் முறை 37,000 பேர் வரை சந்தேக நபர்களாகக் குறித்தது என்றும், ஒரு பெயரைச் சரிபார்க்கச் சில சமயம் 20 விநாடிதான் செலவானது என்றும் 2024 ஏப்ரலில் ஓர் இஸ்ரேலியப் பத்திரிகை எழுதியது. இஸ்ரேலிய உளவுத்துறையில் வேலை செய்த ஆறு பேர் சொன்னதை வைத்து எழுதியது. அது கொல்லும் பட்டியல் இல்லை, தகவல்களை ஒப்பிடும் கருவிதான் என்று ராணுவம் மறுத்தது. இருக்கட்டும். 20 விநாடியில் ஓர் ஊடையைக்கூட ஒழுங்காகச் சரிபார்க்க முடியாது. ஓர் உயிரையா சரிபார்ப்பது?

நம் நாட்டுச் சஞ்சயன்

நம் நாடும் இந்தப் பாதையில் இருக்கிறது. 'ஆகாஷ்தீர்' என்ற வான்காப்பு முறைக்காக 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தோடு 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆயிற்று. அது வாகனங்களில் ஏற்றி நடமாடும் அமைப்பு. 2025 மே மாதச் சண்டையில் அது வேலை செய்தது. அதே 2025 ஜனவரி 24ஆம் தேதி யுத்தகளக் கண்காணிப்பு முறை ஒன்றைப் பாதுகாப்பு மந்திரி துவக்கி வைத்தார். மதிப்பு 2,402 கோடி ரூபாய். பெயர் 'சஞ்சய்'.

பெயரைக் கேட்டதும் எனக்குக் கூத்துதான் ஞாபகம் வந்தது. நம் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதம் கேட்டவர்களுக்குச் சஞ்சயனைத் தெரியும். கண்ணில்லாத ராஜாவுக்குக் களத்தில் நடப்பதைப் பார்த்துச் சொன்னவன். பார்த்ததைச் சொன்னான், இவனைக் கொல், அவனை விடு என்று சொல்லவில்லை. புதிய சஞ்சயனும் பார்த்துச் சொல்வதோடு நிற்கிற வரையில் நல்லது. ஆனால் ஆலோசனை சொல்லவும் அவனைப் பழக்குவார்கள் என்றே நான் எண்ணுகிறேன். உலகம் போகிற போக்கு அப்படி இருக்கிறது.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "அப்படியானால் இந்தப் பெட்டியே கூடாது என்கிறீர்களா?" இல்லை. பட்டாளத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேலே வருகிற குண்டை முன்கூட்டிக் கண்டுபிடிக்கிற யந்திரம் அவர்களுக்கு வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் காஞ்சிபுரம் ஜில்லாவும் மூழ்கி, மின்சாரமும் போனும் செத்துக் கிடந்தனவே, அன்றைக்கு மேட்டில் நிறுத்திய ஒரு பெட்டி ஆஸ்பத்திரிக்கும் படகுக்காரர்களுக்கும் எவ்வளவோ உதவியிருக்கும். நான் கேட்பது வேறு. சுடலாம் என்ற கடைசிச் சொல்லை யார் சொல்வது? அந்த மனிதனின் பெயர் ஏட்டில் பதிவாகுமா? தப்பு நடந்தால் அந்த ஏடு பார்லிமெண்டின் முன் வைக்கப்படுமா?

தஹ்ரான் தேதிகளை என்னால் எப்படிச் சொல்ல முடிந்தது? அமெரிக்கப் பார்லிமெண்டின் தணிக்கை அலுவலகம் விசாரித்து, 1992 பிப்ரவரியில் அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டது. அதனால்தான் கிடைத்தது. நம் நாட்டிலும் கணக்குத் தணிக்கை அதிகாரி இருக்கிறார். ராணுவச் செலவையும் அவர் தணிக்கை செய்கிறார். இந்தப் பெட்டிகளின் விலையை மட்டும் பார்க்காமல், இவற்றில் எழுதியிருக்கும் கட்டளைகளுக்கு யார் பொறுப்பு என்பதையும் பார்க்க வேண்டும் என்று நம் தொகுதி பார்லிமெண்ட் மெம்பருக்கு ஒரு மகஜர் தயார் செய்திருக்கிறோம். வாசல் பக்கத்து மேஜைமேல் இருக்கிறது. வெளியே போகும்போது படித்துப் பார்த்து, சம்மதமானால் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத தோழர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் முழுவதையும் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு கைநாட்டு வாங்குங்கள்.